ஸ்கிப்பர் வீட்டு அரவைப் பெட்டி

பார்ட்ரிட்ஜ் கோவ்,
நியூஃபவுண்ட்லாந்து.
அக்டோபர் 19

அன்புள்ள கார்லண்டுக்கு,

எஃபி எழுதுவது. நான் நலம். உன் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் ஆசை. முதல் வரியிலேயே பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீ வேலை பார்க்கும் ஆல்பர்ட்டாவில் அதற்குள் பனி விழுந்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். தடித்த காலுறைகள் உன் பையின் அடியில் இருக்கின்றன. தேடிப் பார்க்காமலே காணோம் என்று சொல்லாதே.

வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, பிறகு கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது. உன் அப்பாவின் கட்டில் இப்போது அதற்கு நேர் கீழே. உனக்குச் சொல்வதெல்லாம் அவருக்கும் சேர்த்துச் சொல்வதாக ஆகிவிடுகிறது. போனை அவரிடம் நீட்டினால் கையை ஆட்டி வேண்டாம் என்கிறார். நீயும் அப்பாவிடம் கொடு என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதனால்தான் மாடிக் குளியலறையில் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவர் காதுக்கு எட்டாத இடம் இது ஒன்றுதான்.

இந்தக் குளியலறைதான் இப்போது பிரச்சினையே. ஆகஸ்டில் விழுந்து உடைந்த இடுப்பெலும்பு சேரும்வரை படி ஏறக் கூடாது என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். வீட்டில் இருக்கிற ஒரே கழிப்பறை மாடியில். நம் படிக்கட்டு உனக்குத் தெரியும், ஏணிக்குக் கொஞ்சம் மேல், படிக்கட்டுக்குக் கொஞ்சம் கீழ். உன் அப்பா என்ன செய்கிறார் தெரியுமா? படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்புறமாகவே ஏறுகிறார். நான் கீழே நின்று இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு வருகிறேன். அவர் விழுந்தால் நான் என்ன பிடிக்கப் போகிறேன்? இரண்டு பேரும் சேர்ந்து உருள வேண்டியதுதான்.

நர்ஸ் மிஸஸ் பவுடன் நடுவில் வாளி வைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உன் அப்பா அதன் மேல் தன் தொப்பியை வைத்துவிட்டு, "சின்ன வயசுல வீட்டு வாளிய எங்கம்மா கடலுக்குத் தூக்கிட்டுப் போறதப் பாத்து வளந்தவன் நான். அத என் மருமக கையில குடுக்கறதுக்கு முன்னாடி என்னத் தூக்கிக் கடல்ல போட்டுடுங்க" என்றார். அந்த நாற்காலி இன்னும் தொப்பி வைக்கத்தான் பயன்படுகிறது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். கிளாரன்வில் முதியோர் இல்லத்தில் எல்லாம் ஒரே தளம், கைப்பிடி உண்டு, கவனிக்க ஆள் உண்டு என்பாய். இருக்கட்டும். அங்கே ஜன்னல் வழியாகத் தெரிவது கார் நிறுத்துமிடம். ஊருக்கு இன்னும் அவர் படகுத் தலைவர், ஸ்கிப்பர். காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகத் தண்ணீரைப் பார்த்து, காற்று எந்தப் பக்கம் என்று சொல்கிற மனிதர். அவரை அங்கே கொண்டுபோய் விட்டால் வசந்தகாலம் பார்க்க மாட்டார். நான் விட மாட்டேன், கார்லண்ட். இதில் உன்னோடு சண்டை போடவும் தயார்.

குழாய்க்காரர் செல்பியைக் கூப்பிட்டேன். வந்தார், மூன்று கோப்பை டீ குடித்தார், பிறகு எழுந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். நம் வீடு சாலைக்குக் கீழே பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. ஊர்ச் சாக்கடை சாலையோடு போகிறது. மாடியில் இருப்பது அதற்குத் தானாக ஓடிப் போகும். கீழ்த்தளத்தில் இருப்பது மேல்நோக்கி ஓட வேண்டும், அது எந்த ஊரில் ஓடும்? பாறையை வெடிவைத்துக் குழி தோண்டுவது கல்லில் நார் உரிக்கிற வேலை. கரிப்பொடி போட்டு மூடுகிற உலர் கழிப்பறை ஒன்று உண்டாம். சமையலறைக்குப் பக்கத்தில் அது வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

மிச்சம் இருப்பது அரவைக் கழிப்பறை. கோப்பை வழக்கமானதுதான். அதன் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே ஒரு கத்தி, ஒரு மோட்டார். தண்ணீரை இழுத்துவிட்டதும் எல்லாவற்றையும் கூழாக்கி, கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடித்த குழாயில் மேலே தள்ளிவிடும். கழிப்பறைக்கு மட்டுமான சிறியது ஒன்று, கை கழுவும் தொட்டித் தண்ணீரையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் பெரியது ஒன்று. "சின்னதே போதும்மா, அவரு சிங்க்ல வந்து கை கழுவிக்கட்டும்" என்றார் செல்பி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. மனிதர் உள்ளேயே எல்லாம் முடித்துக் கௌரவமாக வெளியே வர வேண்டும். பெட்டியைச் சுவருக்குப் பின்னால், பின்வாசல் கொட்டகையில் வைத்தால் சத்தம் குறையுமே என்றேன். "கொட்டக உறஞ்சு போகும். அப்பறம் நீ பனிக்கட்டியத்தான் அரைக்கணும்" என்றார். அது சரிதான். சமையலறையை ஒட்டிய சாமான் அறையை இதற்காகக் காலி செய்கிறேன். மாவுப் பீப்பாயும் ஜாம் பாட்டில்களும் நம் படுக்கையறைக்கு வந்துவிட்டன. கட்டிலில் நீ படுக்கும் பக்கத்தில் இப்போது பார்ட்ரிட்ஜ்பெர்ரி ஜாம்தான் படுத்திருக்கிறது.

கீழே கூப்பிடுகிறார். போகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
எஃபி


பார்ட்ரிட்ஜ் கோவ்,
நவம்பர் 23

அன்புள்ள கார்லண்டுக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. தாடி நன்றாக இல்லை. முகம் இளைத்திருப்பதை மறைக்கத்தான் அது என்று எனக்குத் தெரியாதா?

வேலை முடிந்துவிட்டது. குழாய் பெட்டியிலிருந்து முதலில் நேராகக் கூரைக்கு ஏறுகிறது, பிறகு சரிந்து பழைய குழாயோடு சேர்கிறது. நடுவில் எங்கும் தொய்வு கூடாதாம், தொய்ந்தால் அங்கே தண்ணீர் நின்று உறைந்துவிடும். மின்சாரத்துக்குத் தனிக் கம்பி, தனி சுவிட்ச். கோப்பையை உயரமாக வைத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி. கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டச் சொன்னேன். உள்ளே விழுந்துவிட்டால் நாம் திறக்க முடிய வேண்டுமே. செல்பி போகும்போது, "சாப்ட்டு வெளிய வந்ததும் தாளும் தவிர ஒண்ணும் உள்ள போகக் கூடாது. ஈரத்துணித் தாள், பஞ்சு, முடி, எண்ணெய், ஒண்ணும் கூடாது. டப்பால 'போடலாம்'னு எழுதிருந்தாலும் நம்பாத" என்றார். ஒரு அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டேன்.

முதல் தடவை உன் அப்பா ஊன்றி நடக்கும் நடைசட்டத்தைத் தள்ளிக்கொண்டு தனியாகவே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். நான் டர்னிப் கிழங்கு சீவுவதுபோல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தச் சத்தம் வந்தது. அதை எப்படிச் சொல்வது? மாவரைக்கும் இயந்திரத்தில் யாரோ ஒரு பிடி ஆணியைப் போட்ட மாதிரி. அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன. கதவு திறந்தது. "என்ன பாக்குற? விரலச் சீவிடப் போற" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிமிர்வு. நான் கொட்டகைக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

நம் சமையலறை தெரியும்தானே. தட்டாமல் வருவார்கள், கேட்காமல் உட்காருவார்கள், கெட்டிலைத் தானே எடுத்து வைப்பார்கள். அவர் வீடு திரும்பியதிலிருந்து ஊரே இங்கேதான். அன்று மாலை ட்ரிஃபி அத்தை, இலாம் மாமா, இன்னும் நாலு பேர், சீட்டாட்டம். நடுவில் உன் அப்பா எழுந்து போனார். பெட்டி கர்ஜித்தது. ட்ரிஃபி அத்தையின் வாய் சும்மா இருக்குமா? "ஹெட்லி, படகுக்கு இஞ்சின் மாட்டிட்டியா? திமிங்கலம் புடிக்கவா கெளம்பிட்ட?" என்று கத்தினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், பொய் சொல்வானேன். உன் அப்பாவும் வெளியே வந்து, "ஆமா, நீயும் வா. தூண்டில்ல மாட்டப் புழு வேணும்" என்றார். இலாம் மாமா மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். நல்ல மாலைப்பொழுது என்றே நினைத்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு ஆள் இருந்தால்கூட அவர் அந்தக் கதவுப் பக்கம் போவதில்லை. நம் வீட்டில் ஆள் இல்லாத நேரம் எது? காலை உணவுக்கு முன்பே முதல் ஆள் வந்துவிடுகிறார். என்னையும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கோழிக்கூண்டுக்கு அனுப்புகிறார். கொஞ்ச நாளில் டீ வேண்டாம் என்றார். வற்புறுத்தி ஊற்றினால் கோப்பை காலியாகிவிடும். கட்டில் பக்கத்து ஜெரேனியம் செடி வாடிய பிறகுதான் எனக்கு உறைத்தது, டீ எங்கே போகிறதென்று. உப்பு மாட்டிறைச்சி சாப்பிட்டுவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்காத மனிதரை நீ பார்த்திருக்கிறாயா?

போன வாரம் ஜுரம் வந்தது. என்னைப் பார்த்து "ரூத், வலையெல்லாம் உள்ள எடுத்து வச்சியா?" என்றார். உன் அம்மா போய் எவ்வளவு காலமாகிறது. மிஸஸ் பவுடன் வந்து பார்த்து, தண்ணீர் குடிக்காமல் சிறுநீரில் கிருமி பிடித்துவிட்டது என்றார். மாத்திரையில் ஜுரம் இறங்கிவிட்டது. ஆனால் போகும்போது என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் கிளாரன்வில்லுக்கு எழுதித்தான் ஆகணும், எஃபி. ஜனவரி கடைசில மறுபடி வந்து பாப்பேன். கோச்சுக்காத" என்றார். கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? அவர் சரியாகத்தான் சொல்கிறார்.

ஓடி ஓடி இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தேன். கழிப்பறை கிடைத்தது, மனிதர் குடிக்கிற தண்ணீர் போய்விட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அவரிடம் நேராகக் கேட்கவும் முடியவில்லை. எந்த வார்த்தையில் கேட்பது? நீயாவது மகன், போனில் ஏதாவது சொல்லிப் பார்க்கலாம். சொல்வாயா?

உன்,
எஃபி


பார்ட்ரிட்ஜ் கோவ்,
டிசம்பர் 20

கார்லண்டுக்கு,

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை என்று நேற்று போனில் சொன்னாய். சரி என்று வைத்துவிட்டேன், ஏனென்றால் அவர் கீழே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சரியில்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சமும் சரியில்லை.

இங்கே நடந்ததைக் கேள். நான் கதவைப் பூட்டினேன்.

பதறாதே. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் யாரும் வராமல் இருந்தால் அவர் நிம்மதியாகப் போய்வருவார் என்று கணக்குப் போட்டேன். இந்த வீட்டுக் கதவுக்குச் சாவி எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? ஒரு தாழ்ப்பாள் வாங்கி நானே அடித்தேன். முதல் நாளே ட்ரிஃபி அத்தை பட்டாணி சூப் பானையோடு வந்தார். வழக்கம்போல் இடுப்பால் கதவை ஒரு தள்ளு தள்ளினார். கதவு அசையவில்லை, சூப் அசைந்தது. கோட்டு, பூட்ஸ், வாசற்படி எல்லாம் சூப். "எஃபி! ஹெட்லி செத்துட்டானா?" என்று அவர் போட்ட கூச்சல் படகுத்துறைவரை கேட்டிருக்கும்.

நான் திறந்து, குளிரில் கதவு இறுகிவிட்டது என்று உளறினேன். புதுத் தாழ்ப்பாள் பளபளவென்று அவர் மூக்குக்கு நேரே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலிப் பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே உன் அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். "யாரு பூட்டுனது? இந்த வீட்ல பொணம் கெடந்தப்பகூடக் கதவு தெறந்துதான் இருந்துச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றார். அந்தக் குரலில் என்னிடம் அவர் பேசியதே இல்லை. உங்களுக்காகத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடுமே.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தாழ்ப்பாளைப் பிடுங்கி எறிந்த பிறகும் இல்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது, வீட்டில் ஒரு ஆள் இல்லை. அவர் எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஆனால் எழுந்திருக்கவே அவருக்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். காற்று எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்வதில்லை.

பிறகு அந்தக் குளிர் வந்தது. குளிர் இறங்கினால் குழாயை நூல்போல் ஒழுகவிட வேண்டும், இல்லாவிட்டால் உறைந்து வெடிக்கும். இது நமக்குப் பால்குடியோடு வந்த புத்தி. படுக்கப் போகும்முன் சாமான் அறைத் தொட்டிக் குழாயைக் கொஞ்சம் திறந்துவைத்தேன். அந்தத் தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது? பெட்டிக்குள். பெட்டி நிறைந்ததும் மோட்டார் ஓடும், காலியானதும் நிற்கும், மறுபடி நிறையும், மறுபடி ஓடும். விடிய விடிய ஓடியிருக்கிறது.

மாடியில் படுத்திருந்த எனக்குச் சத்தம் கேட்டது. பாவம், பகலெல்லாம் எழுந்திருக்காமல் கிடந்தவர், இப்போதாவது நன்றாகப் போகிறாரே என்று சந்தோஷமாகக் கண்ணை மூடினேன். காலையில் பெட்டியிலிருந்து தீய்ந்த வாடை. அவரிடம், "நீங்க கேக்கவே இல்லயா?" என்றேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "கேட்டுச்சு. நீதான் கீழ வந்து வந்து போறன்னு நெனச்சேன். வயிறு சரியில்ல போலன்னு கண்ண மூடிக் கெடந்தேன். ஒரு பொம்பளகிட்ட அத எப்படிக் கேக்கறது?" என்றார். மானஸ்தர்கள் இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தால் மோட்டார் எரியாமல் என்ன செய்யும்!

செல்பி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பெட்டிய கொட்டகைல வைக்காதன்னு சொன்னேன். கொழாயத் தெறந்து விடாதன்னு சொல்லத் தோணலயே" என்றார். புது மோட்டார் வெளியூரிலிருந்து வர வேண்டும். பண்டிகை முடிந்துதான் வருமாம்.

ஆகவே அந்த நாற்காலியிலிருந்து தொப்பியை எடுத்தோம்.

முதல் நாள் வாளியை நான் எடுத்தபோது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது. "ரூத்கிட்டகூட நான் இத விட்டதில்ல" என்றார். அழுகை வந்தால் என்னிடமிருந்து கோபம்தான் வரும், உனக்குத் தெரியும். "ஸ்கிப்பர், மீன் ஆலைல கொடல் அள்ளின கை இது. அதுக்கு முன்னாடி உங்களுது ஒண்ணும் பெரிசில்ல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் வாளியைக் கழுவிக்கொண்டு வந்தபோது, "கையில வெடிப்பு இருக்கு, கையுற போட்டுக்க" என்றார்.

இப்போது அரைக் கோப்பை டீ குடிக்கிறார். வாளி சத்தம் போடாதல்லவா. ஆனால் வாளியோடு அவர் எத்தனை நாள் தாங்குவார் என்று தெரியவில்லை. மிஸஸ் பவுடன் வரும்போது படுத்த படுக்கையாய் இருந்தால் என்ன எழுதுவார் என்பது மட்டும் தெரியும். என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்துக்கு நடுவில் ஐந்தாறு தடவை எழுந்து படியில் நின்று மூச்சு கேட்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். பண்டிகையில் வேலை பார்த்தால் இரட்டைச் சம்பளம் என்கிறாய். சரி. அதை வைத்து என்ன வாங்குவதென்று நீயே யோசி.

கிறிஸ்துமஸ் வாழ்த்து. கேக் தனியாக அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் செய்தது, அதனால் கொஞ்சம் கெட்டி.

எஃபி


பார்ட்ரிட்ஜ் கோவ்,
பிப்ரவரி 1

அன்புள்ள கார்லண்டுக்கு,

கேக் நன்றாக இருந்தது என்று சொன்னாயே, அதிலேயே என் கோபம் பாதி போய்விட்டது. மீதியை இந்தக் கடிதம் முடிவதற்குள் விட்டுவிடப் பார்க்கிறேன்.

புத்தாண்டு கழிந்ததும் ஒரு நாள் ட்ரிஃபி அத்தை வீட்டுக்குப் போனேன். தட்டாமல் உள்ளே போனேன். அவர் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை. கோட்டோடு நின்றபடியே சொல்லிவிட்டேன். "அத்த, உங்களப் பூட்டி வெளிய நிறுத்தல. அந்தச் சத்தத்துக்கு வெக்கப்பட்டு அவரு தண்ணி குடிக்கறதில்ல. இன்னொரு தடவ ஜுரம் வந்தா கிளாரன்வில்லுக்கு அனுப்பிடுவாங்க." அவர் கை நின்றது. "இஞ்சின் மாட்டிட்டியான்னு கேட்டது நாந்தான" என்றார். பிறகு மாவைத் திருப்பிப் போட்டு ஒரு குத்துக் குத்தினார். "மோட்டார் எப்ப வருது?" அவ்வளவுதான் கேட்டார். டீகூடக் கொடுக்கவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துத்தான் திரும்பினேன்.

மோட்டார் வந்தது, செல்பி மாட்டினார். அன்று மாலை விளக்கேற்றும் நேரம். கதவை ஒரு இடுப்பு தள்ளியது. ட்ரிஃபி அத்தை. யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை, கோட்டைக் கழற்றவில்லை. நேராகச் சமையலறையைக் குறுக்கே கடந்து சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பெட்டி கர்ஜித்தது. தட்டுகள் அதிர்ந்தன. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "கெழவியாயிட்டேன், ஹெட்லி. எங்க வீட்லேர்ந்து இங்க வர்றதுக்குள்ள தாங்கல" என்று சொல்லி உட்கார்ந்தார்.

அடுத்து இலாம் மாமா. அவரும் நேரே உள்ளே. உனக்குத் தெரியுமே, ஊரில் இவரைப்போல் கூச்சப்படுகிற மனிதர் இல்லை. கதவைச் சாத்தின வேகத்தில் கர்ஜனை கேட்டது, அதே வேகத்தில் வெளியே வந்தார். அதற்குள் ஒரு மனிதனால் கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றியிருக்க முடியாது. சும்மா இழுத்துவிட்டு வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் வந்தவரும் அப்படியே. அதற்குப் பின்னால் வந்தவளும். சீட்டுப் போடுகிறார்கள், ஒருவர் எழுந்து போகிறார், பெட்டி அலறுகிறது, ஒருவரும் தலை நிமிர்த்துவதில்லை, பேச்சு நிற்பதில்லை, சத்தம் ஓடும்போது கொஞ்சம் உரக்கப் பேசுகிறார்கள். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், என் முகத்தை யாரும் பார்க்கக் கூடாதென்று.

உன் அப்பா முட்டாளா? முதல் இரண்டு பேரிலேயே அவருக்குப் புரிந்திருக்கும். சீட்டைக் கையில் விரித்தபடி ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சீட்டைக் கவிழ்த்து வைத்தார், நடைசட்டத்தைப் பிடித்து எழுந்தார், போனார். சத்தம் வந்தது. யாரும் திரும்பவில்லை. "சீக்கிரம் வா, ஒன் ஆட்டம்" என்றார் ட்ரிஃபி அத்தை, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் வந்து உட்கார்ந்து, ஆட்டத்தை ஆடி முடித்து, "எஃபி, டீ இருக்கா?" என்றார். நான் ஊற்றினேன். அவசரத்தில் பாதி சாஸரில்தான் விழுந்தது. அதையும் குடித்தார்.

அன்றிலிருந்து இது ஊர் வழக்கமாகிவிட்டது. பாதிரியார்கூட வந்ததும் முதலில் உள்ளே போய்வருகிறார், அவரிடம் யார் சொன்னார்களோ தெரியாது. ஒரு வீட்டுக்கான பெட்டியில் ஊரே அரைத்தால் என்னாகும்? உப்புப் படிவு சீக்கிரமே கட்டிக்கொள்கிறது. செல்பி கொடுத்த திரவத்தை ஊற்றி ஊறவைத்துக் கழுவுகிறேன். ஒரு நாள் ஓடாமல் வெறுமே முனகியது. சுவிட்சை அணைத்துவிட்டு நானே மூடியைத் திறந்தேன். கத்தியில் புதினா மிட்டாய்த் தாள் சுற்றிக்கொண்டிருந்தது. இலாம் மாமா சட்டைப்பையைத் தடவிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். உன் அப்பா கட்டிலிலிருந்தபடியே, "அந்தத் திருகாணிங்கள எடம் வலமா மாத்தி மாத்தி முடுக்கு, ஒரே பக்கமா இறுக்காத" என்று அதிகாரம் செய்தார். இப்போது இந்த ஊரில் பெட்டி திறக்கத் தெரிந்த ஒரே பெண் உன் மனைவி.

வியாழக்கிழமை மிஸஸ் பவுடன் வந்தார். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நடக்கச் சொன்னார். உன் அப்பா நடந்து காட்டிவிட்டு, "காத்து வடகிழக்கு. கிளம்பறதா இருந்தா இருட்டுக்கு முன்னாடி கிளம்பிடு" என்றார். அவர் சிரித்து, பையை மூடி, "கிளாரன்வில் பேச்சு இப்ப இல்ல, எஃபி" என்றார். அவ்வளவுதான். இத்தனை மாதம் நெஞ்சில் வைத்திருந்த கல் அந்த நாலு வார்த்தையில் இறங்கியது. அவர் கார் மேடேறும்வரை வாசலில் நின்றேன்.

கல் இறங்கியும் என்னால் உட்கார முடியவில்லை, கார்லண்ட். ஏன் என்று யோசித்தேன். இனி எழுதப்போவதை நாம் இருவரும் போனில் பேசவே முடியாது.

ஆகஸ்டில், ஆஸ்பத்திரியில், நர்ஸ் போர்வையை விலக்கி அவருக்கு அடியில் பாத்திரம் வைத்த நேரத்தில் நீ கதவைத் திறந்தாய். நின்றாய். திரும்பிப் போய்விட்டாய். மறுநாள் விமானம் ஏறினாய். அவர் கண் உன் மேல்தான் இருந்தது, நான் பக்கத்தில் இருந்தேன். அதற்குப் பிறகு நீ வரவில்லை. அதிக வேலை, இரட்டைச் சம்பளம், பனிப்புயல். நான் உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. நீ அவரை வெறுத்துப் போகவில்லை, பார்த்ததைத் தாங்க முடியாமல் போனாய். எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா என்று தெரியாமல்தான் இத்தனை நாள் இருந்தேன். நேற்று மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல், "அந்தக் கதவ அவன் தட்டிட்டு வந்திருக்கணும். நாங்கதான் அவனத் தட்டப் பழக்கலயே" என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை.

வா, கார்லண்ட். எனக்காகவும் வா, அதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், அதிகம் எழுதினால் அழுவேன். என்ன பேசுவது, எப்படி முகத்தைப் பார்ப்பது என்று அங்கேயே உட்கார்ந்து ஒத்திகை பார்க்காதே. மாலையில் வந்து சேருகிற மாதிரி வா, வீடு நிறைய ஆள் இருக்கும். யாருக்கும் வணக்கம் சொல்லாதே. கோட்டைக் கழற்றாதே. அவரைப் பார்க்காமலே குறுக்கே நடந்து நேரே சாமான் அறைக்குப் போ. கதவைச் சாத்து. இழுத்துவிடு. சத்தம் அடங்கும்வரை உள்ளேயே நில், தேவைப்பட்டால் இரண்டு தடவை இழுத்துவிடு, மோட்டார் தாங்கும். பிறகு வெளியே வந்து அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார். சீட்டை அவரே போடுவார்.

கடவுள் உன் பயணத்துக்குத் துணையிருக்கட்டும்.

உனக்காகக் காத்திருக்கும்,
எஃபி